தண்ணீர் ஊற்றாத நாற்பது நாள்

எனக்கு யாரையும் சுலபத்தில் பாராட்ட வராது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவள் நான். பிழை கண்ணில் படுகிற வேகத்தில் சரி படாது. "உன் கண்ணே சிவப்பு மசியில ஊறினதுடி" என்பார் என் கணவர் சாய்நாத். அப்படிப்பட்ட நான் ஒருத்தியைப் பற்றி, அதுவும் செடி விஷயத்தில், ஒரு வருஷமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதை எங்கள் கட்டடத்தில் இன்னும் பலர் நம்பவில்லை.

ஏனென்றால் செடி என் ராஜ்யம். ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் தொண்ணூறு தொட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் துளசி பட்டுப்போனாலும், மணிபிளான்ட் மஞ்சளானாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'செடி டாக்டர் மாமி' என்று பெயர். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெயரைப் பத்து வருஷமாக ஆசை தீர அனுபவித்து வந்தேன்.

ஷாகிரா எங்களுக்கு நேர் கீழே, தரைத்தள வீட்டுக்குக் குடிவந்து, இது தொடங்கியபோது நாலு மாதம் ஆகியிருந்தது. ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், வயது நாற்பத்தாறு. அவள் கணவர் கரீமுல்லா தி. நகரில் பெட்டி, பை விற்கும் கடை வைத்திருக்கிறார். ஷாகிரா வீட்டிலேயே ஆர்டர் எடுத்துக் கேக் செய்கிறாள். க்ரீம் உருகக் கூடாதென்று அவள் வீட்டில் ஓர் அறையில் பகலெல்லாம் ஏ.சி. பதினெட்டில் ஓடும்.

அந்த ஏ.சி.மேல்தான் எனக்குக் கோபம். டிசம்பரில் ஒரு காலை, கார் நிறுத்தும் இடத்துக்குப் போகிற வழியில், அவள் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சொட்டிப் பாசி பிடித்திருந்தது. சாய்நாத் அதில் கால் வைத்து ஒரு சறுக்குச் சறுக்கினார். விழவில்லை. ஆனால் சண்டைக்கு எனக்கு அது போதும். நேரே போய் அவள் கதவைத் தட்டினேன்.

"உங்க ஏ.சி. தண்ணியில யாராவது வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?"

அவள் கையில் க்ரீம் தடவும் தட்டைக் கத்தி இருந்தது. கோபப்படவில்லை. "என் தண்ணியா? உள்ள வந்து பாருங்க மாமி" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அவளுடைய ஏ.சி. குழாய் ஜன்னலோரத்தில் ஒரு நீல வாளிக்குள் இறங்கியது. "ஒரு சொட்டு வெளிய போவாது மாமி. அது எனக்கு வேணும். வழில சொட்றது உங்க வூட்டு ஏ.சி.யா இருக்கும்."

எங்கள் வீட்டு ஏ.சி.தான். மார்கழியிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏ.சி. போடுகிற மனிதர் சாய்நாத். தன் தண்ணீரிலேயே தான் சறுக்கியிருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அதில் வெட்கப்படக்கூட நேரமில்லை. என் கண் அதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டது.

கேக் தட்டில் விரிக்கிற பட்டர் பேப்பரை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தாள். வெயில் அதில் வடிகட்டி, பால் போன்ற வெளிச்சமாக உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு தொட்டி. வட்டமான கரும்பச்சை இலைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளி வரிகள். இலைகளுக்கு மேலே இருபத்து மூன்று பூக்கள். எண்ணினேன். மெல்லிய சிவந்த காம்பின் நுனியில் ஒவ்வொரு பூவும் முகத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்திருந்தது. இதழ்கள் மட்டும், தலைக்குக் குளித்துவிட்டு முடியைப் பின்னால் தள்ளிவிட்டது போல மேலே மடங்கி நின்றன. கத்தரிப்பூ நிறமும் இல்லை, ரோஜா நிறமும் இல்லை, இரண்டுக்கும் நடுவே ஒரு நிறம்.

சைக்லமென். ஊட்டியில் பார்த்திருக்கிறேன். அங்கே மர நிழலில், வெட்டவெளியில், யாரும் கவனிக்காமலே பூத்துக் குலுங்கும். சென்னைக்கு வாங்கி வந்தவர்கள் எல்லாரும் பொங்கலுக்குள் தூக்கிப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். நானே இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் போட்டிருக்கிறேன்.

"இப்பத்தான் வாங்கினியா?" என்றேன். எப்போது 'நீ'க்கு மாறினேன் என்று தெரியவில்லை.

"இது ஆறாவது வருஷம் மாமி."

நான் நம்பவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு குடும்பத்தோடு ஊட்டி போனபோது வாங்கினாளாம். மெட்ராஸ் என்றதும் நர்சரிக்காரன், "ரெண்டு வாரம் வெச்சிப் பாருங்க, அப்புறம் தொட்டிய வேற எதுக்காவது வெச்சிக்கங்க" என்று சிரித்தானாம். "அவன் சிரிச்சது எனக்குப் புடிக்கல" என்றாள். அவ்வளவுதான் காரணம். ஒருவன் சிரித்தான் என்பதற்காக ஆறு வருஷம் ஒரு செடியை உயிரோடு வைத்திருக்கிறாள். அந்தப் பிடிவாதம் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பேசிக்கொண்டே, வாடியிருந்த ஒரு பூவைப் பழக்கத்தில் நகத்தால் கிள்ளப் போனேன். பூஜைக்குப் பறிக்கிற கை. அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிள்ளாதீங்க. பாதிக் காம்பு நின்னா அழுகி உள்ள கிழங்குக்கு எறங்கிடும்." காம்பின் அடிவரை விரலை விட்டு, லேசாகத் திருகி, வெடுக்கென்று இழுத்தாள். மெல்லிய சத்தத்தோடு காம்பு முழுசாக வந்தது. "இப்டி."

செடி விஷயத்தில் என் கையை இதற்கு முன் ஒருவரும் பிடித்ததில்லை. முகம் சுண்டிப்போனது. ஆனால் மறுநாளும் போனேன். அடுத்த நாளும்.

பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு கூடிக்கொண்டே போனது. நம் ஊர் போர்த் தண்ணீரில் இருக்கிற உப்பு அந்தச் செடிக்கு ஆகாது. அதனால்தான் வாளியில் ஏ.சி. தண்ணீர். அதையும் மேலே ஊற்றமாட்டாள். ஒரு தட்டில் ஊற்றித் தொட்டியை அதில் உட்கார வைப்பாள். செடி கீழேயிருந்து தனக்கு வேண்டியதைக் குடித்துக்கொள்ளும். இருபது நிமிஷம் கழித்து மிச்சத்தைக் கொட்டிவிடுவாள். கிழங்கின் தலை எப்போதும் மண்ணுக்கு வெளியே காய்ந்து இருக்க வேண்டும். மார்கழி விடியலில் தொட்டியை வெளியே சுற்றுச்சுவர்மேல் வைத்துவிட்டு, வெயில் ஏறும் முன் உள்ளே எடுத்துக்கொள்வாள். "ஊட்டில வெளிய இருந்த புள்ள. நாலு மாசமாச்சும் வெளிக்காத்து வேணாமா?" என்பாள்.

எப்போது தண்ணீர் தேவை என்று எப்படித் தெரியும் எனக் கேட்டேன். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள். "கனம் பாப்பேன். மாவு அளக்கறாப்லதான். மண்ண வுட கை கரெக்டா சொல்லும் மாமி." அவள் மாவைக் கையில் அள்ளி, இருநூறு கிராம் என்று சொல்லித் தராசில் வைத்து நான் பார்த்திருக்கிறேன். நூற்றுத் தொண்ணூற்றெட்டு காட்டியது. முப்பத்திரண்டு வருஷம் லேபில் தராசோடு வாழ்ந்தவள் நான். எனக்கு அந்தக் கை இல்லை.

ஏப்ரலில் அவளுடைய மகள் ஆயத்துக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. ஆயத் இருப்பது பெங்களூரில். டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஷாகிராவே போய், பிரசவமாகி நாற்பது நாள் கழியும்வரை அங்கே இருப்பதென்று முடிவாயிற்று. கரீமுல்லா பாய் அதுவரை கடைக்குப் பக்கத்தில் தம்பி வீட்டில் தங்கிக்கொள்வார். அப்போது செடியில் பூ முடிந்து, இலைகள் மஞ்சளாகிக் கொண்டிருந்தன. ஏ.சி. இல்லாமல் பூட்டிய வீடு அடுப்பாகிவிடும். ஒருநாள் மதியம் அவள் தொட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"மாமி, உங்க ஸ்டோர் ரூம்ல வெயிலே வராதில்ல? அங்க ஒரு மூலைல வெச்சிக்கிறீங்களா?"

"பெங்களூருக்கே எடுத்துண்டு போகலாமே, அங்க குளிர்ச்சியாச்சே?"

"தூங்கப் போற நேரம். கார்ல குலுக்கிக்கினு போனா எழுந்திரிச்சிடும். இப்ப எழுந்திரிச்சா வருஷமே வீண்." பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. தண்ணி ஊத்தாதீங்க. ஒரு சொட்டுக் கூட. எல எல்லாம் கொட்டும், மொட்டையா நிக்கும். செத்துப்போச்சின்னு தோணும். தோணட்டும். வுட்டுடுங்க."

"எனக்குத் தெரியாதா ஷாகிரா?" என்றேன்.

ஆறு வருஷம் காப்பாற்றியதை என்னை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். இந்தக் கட்டடத்தில் இத்தனை பேரில் அவள் என்னிடம் கொடுத்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபது நாள் வாக்குக் காப்பாற்றினேன். இலைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் மண்மேல் பழுப்பாக, தட்டையாக, சப்பாத்தி உருண்டை அளவில் ஒரு கிழங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. அப்போது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மண் தொட்டியை விட்டு விலகி, சுற்றிலும் விரல் நுழைகிற அளவு இடைவெளி.

இங்கே என் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஊரே தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த கோடையில், அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் என்று டம்ளர் டம்ளராக ஊற்றித் தொண்ணூறு தொட்டியையும் பிழைக்க வைத்தவள் நான். அன்றிலிருந்து காய்ந்த மண்ணைக் கண்டால் என் கை தானே டம்ளரைத் தேடும். அதிலும் அரிசி களைந்த தண்ணீர்மேல் எங்கள் மயிலாப்பூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு இருக்கிற நம்பிக்கை கங்கை ஜலத்தின்மேல்கூடக் கிடையாது.

ஒருநாள் காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஸ்டோர் ரூம் கதவு திறந்திருந்தது. அந்தக் கிழங்கு என்னையே பார்ப்பது போல் இருந்தது. ஒரு டம்ளர்தானே என்று ஊற்றினேன். மண் சுர்ரென்று உறிஞ்சியது. பாவம், எவ்வளவு தாகம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் ஊற்றினேன். அடுத்தடுத்து ஒன்பது நாள்.

"அவ வேண்டாம்னு சொல்லிட்டுன்னா போனா?" என்றார் சாய்நாத்.

"அவளுக்கு ஒரு செடி தெரியும். எனக்குத் தொண்ணூறு தெரியும்" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

பத்தாம் நாள் ஸ்டோர் ரூமில் புளித்த நாற்றம். பருப்பு டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில்தான் தொட்டிக்கு வந்தேன். கிழங்கின் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. செடிக்காகவா, எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு செய்ததுதான் மோசம். ஈர மண்ணை மேலாக எடுத்துப் போட்டேன். மொட்டைமாடியில் பூச்சு வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சலித்து, காய வைத்து, கிழங்கைச் சுற்றி நிரப்பினேன். அழுகின பக்கம் சுவரைப் பார்த்திருக்கும்படி தொட்டியைத் திருப்பி வைத்தேன். பார்த்தால் கொடுத்த மாதிரியே இருந்தது. மொட்டைக் கிழங்கு, காய்ந்த மண். அந்தச் செடி உயிரோடு தூங்கினாலும் ஒன்றுதான், செத்துக் கிடந்தாலும் ஒன்றுதான், மறுபடி துளிர்க்க வேண்டிய ஐப்பசிவரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஐப்பசியில் முளைக்கவில்லை என்றால் சென்னை வெயில்மேல் பழி. நர்சரிக்காரன் சொன்னது கடைசியில் பலித்தது என்று போய்விடும். இப்படியெல்லாம் என் புத்தி கணக்குப் போட்டது.

ஜூன் முதல் வாரம் ஷாகிரா பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு, மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தாள். தொட்டியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு, "ரொம்ப தேங்க்ஸ் மாமி. வெயில் இந்த வருஷம் ரொம்ப இல்ல?" என்றாள்.

"ரொம்ப" என்றேன்.

அன்றிலிருந்து நாலு மாதம் நான் பட்டதை நான்தான் அறிவேன். முன்பெல்லாம் அவள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போவேன். இப்போது படியிறங்கும்போது அவள் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்து இறங்கினேன். ஆனால் அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேக்கின் ஓரத் துண்டுகளை டப்பாவில் போட்டுக்கொண்டு மேலே வருவாள். முட்டை சேர்க்காமல் எங்களுக்கென்று தனியாகச் செய்தது. உட்கார்ந்து பேத்தி கதை பேசுவாள். செடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எடுக்கமாட்டாள். போதாததற்கு, நாலாவது மாடியிலிருந்து ஹம்சினி என்கிற பெண் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியோடு வந்து நின்றாள். "கீழ ஷாகிரா ஆன்ட்டி சொன்னாங்க, எதுவானாலும் மாமிகிட்ட குடு, பொழைச்சிடும்னு." எனக்கு அந்தத் தொட்டியைத் தூக்கி எங்காவது எறியலாம் போல வந்தது.

"கிழங்கு நன்னா தூங்கறது. நீதான் தூங்கல" என்றார் சாய்நாத். "போய்ச் சொல்லிட்டு வந்துடேன். என்ன, தலையையா சீவிடுவா?"

தலையைச் சீவினால் பரவாயில்லை. அவள் "பரவால்ல மாமி" என்று சொல்லிவிடுவாள் என்பதுதான் எனக்குப் பயம். அதற்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கேக்கை எப்படித் தின்பது?

ஐப்பசி பிறந்து முதல் மழை பெய்தது. வியாழக்கிழமை படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். "மாமி, நாளைக்கி எழுப்பப் போறேன். மொதத் தண்ணி வெக்கறப்ப நீங்களும் வாங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். போகிற வழியெல்லாம், பத்தொன்பது படிதான், என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். கேக் அறைக் கதவைத் திறந்ததும் அந்தக் குளிர் முகத்தில் பட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று.

"ஷாகிரா, அதை நான் கொன்னுட்டேன்" என்றேன். "தண்ணி ஊத்தினேன். ஒம்போது நாள். அரிசி களைஞ்ச தண்ணி. நீ சொன்னதைக் கேக்காம ஊத்தினேன். அழுகிடுத்து. மணலைப் போட்டு மறைச்சுக் கொடுத்தேன். எழுப்பறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை."

அவள் க்ரீம் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் மாமி."

"எப்போ?"

"வாங்கினப்பவே. ஒங்க கைலேர்ந்து என் கைக்கு வர்றப்பவே. காஞ்ச தொட்டி பூ மாதிரி இருக்கணும். அது செங்கல்லாட்டம் கனத்துச்சி. நான் தேங்கா நாரும் மக்கின எலயும்தான் போடுவேன், மணலே போட்டதில்ல." லேசாகச் சிரித்தாள். "அதுவும் சலிச்சி போட்டிருந்தீங்க."

எனக்கு வெட்கம் வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. என் சுபாவம் அப்படி. "தெரிஞ்சுண்டே நாலு மாசமா என்னை இப்படி வதைச்சியா? கேக்கைக் கொண்டு வந்து கொடுத்து, ஊர்ல இருக்கற செடியெல்லாம் என்கிட்ட அனுப்பி?"

"நான் இன்னா வதைச்சேன்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "அன்னிக்கி ஒங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா மன்னிப்பு கேட்டிருப்பீங்க. நானும் பரவால்லன்னு சொல்லியிருப்பேன். அதோட நீங்க என் வூட்டுப் படியே மிதிச்சிருக்க மாட்டீங்க. செடியும் போயி மாமியும் போறதா? அதான் வுட்டுட்டேன். ஒங்களுக்கா தோணறப்ப வருவீங்கன்னு."

"வரலைன்னா?"

"வரலன்னா வரல. கேக் குடுக்கறத நிறுத்தியிருப்பேனா?"

அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன மண்தொட்டியை எடுத்தாள். அதில் மண்ணுக்கு மேலே கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ ஒன்று பழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்த அன்றைக்கே கிழங்கைத் தோண்டி எடுத்திருக்கிறாள். கேக் வெட்டும் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அழுகினதையெல்லாம் வெள்ளைச் சதை தெரிகிறவரை வெட்டியிருக்கிறாள். முக்கால்வாசி போய்விட்டதாம். மிச்சத்தில் வெட்டுக்காயத்தின் மேலே கேக்குக்கு வைத்திருந்த பட்டைத்தூளை அப்பி, மூன்று நாள் ஃபேன் காற்றில் காய வைத்து, புதுக் கலவையில் நட்டு, அலமாரியில் வைத்துவிட்டாள். ஜூனிலிருந்து அதைத் தொடவில்லை.

"உயிர் இருக்கா?"

"தெரியாது மாமி. தண்ணி வெச்சாதான் தெரியும்." ஒரு தட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீல வாளியையும் ஒரு டம்ளரையும் என் பக்கம் நகர்த்தினாள். "ஊத்துங்க."

"நானா?"

"நாலு மாசமா ஊத்தாம இருந்தேன் நான். ஊத்தறதுக்கு நீங்கதான் சரி."

கிண்டலா, மன்னிப்பா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. தட்டில் அரை டம்ளர் ஊற்றினேன். தொட்டியின் அடிப்பக்கம் மெல்ல நிறம் மாறி, ஈரம் மேலே ஏறுவதை இருவரும் நின்று பார்த்தோம். இருபது நிமிஷத்துக்கு மேல் ஒரு நொடிகூட அவள் விடவில்லை. மிச்சத்தைக் கொட்டிவிட்டாள்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. தினம் போய்ப் பார்த்தேன். அவள் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்த்தாள். கார்த்திகையில் ஒரு புயல் மழை நாளில் கீழேயிருந்து, "மாமீ" என்று ஒரே கத்தல். செருப்புப் போடாமல் இறங்கினேன். கிழங்கின் ஓரத்தில் சிவப்பாக, மூக்குத்திக் கல் அளவில் ஒரு சுருண்ட இலை. அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதுதான் அந்தச் செடி அவளுக்கு எவ்வளவு என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. அதை நாலு மாதம் என் முன்னால் காட்டாமலே இருந்திருக்கிறாள்.

தை மாதம் மூன்று பூ பூத்தது. மூன்றே மூன்று. இருபத்து மூன்று பூத்த செடிதான். நான் அந்த மூன்றின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று வாடியதும் காம்பின் அடியில் விரலை விட்டு, திருகி, முழுசாக இழுத்தேன். ஷாகிரா கேக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டாள்.

இந்த ஏப்ரலில் ஆயத்துக்கு ஆபீசில் ஏதோ அவசர வேலை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஷாகிரா மறுபடியும் பெங்களூர் கிளம்பினாள். கிளம்புகிற அன்று காலை என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கையில் அந்தச் சின்னத் தொட்டி. மஞ்சளாக இரண்டு இலை.

"நாப்பது நாளு மாமி" என்றாள்.

"ஷாகிரா, வேண்டாம். கரீமுல்லா பாய்கிட்ட கொடு. வேற யார்கிட்டயாவது கொடு."

"அவரு ஊத்திடுவாரு" என்று சொல்லி, தொட்டியை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப்போனாள். தண்ணீர் ஊற்றாதே என்று இந்த முறை அவள் சொல்லவில்லை.

இன்று முப்பத்தெட்டாம் நாள். வெளியே தார் உருகுகிற வெயில். இலை இரண்டும் என்றைக்கோ விழுந்துவிட்டன. மண் தொட்டியை விட்டு விலகி, விரல் நுழைகிற இடைவெளி. தினம் காலையில் அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஸ்டோர் ரூமைத் திரும்பிப் பார்க்காமல், மொட்டைமாடிக்கு ஏறிவிடுகிறேன். இறங்கி வந்ததும் ஸ்டோர் ரூமுக்குப் போய், தொட்டியை இரண்டு கையாலும் ஒருமுறை தூக்கிப் பார்க்கிறேன். பூ மாதிரி இருக்கிறது. அப்படியே திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.